மென்பொருள் இருக்கட்டும், முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்

இந்த முறை வந்திருப்பது கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வீணை ஆசிரியையின் கடிதம். வயது 56. ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வருகிற தை மாதம் அவருடைய குருவின் நினைவு நாள். அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க, தான் வாசித்த 11 உருப்படிகளை ஒரு சிடியாக்கி, 150 பிரதிகள் எடுக்க நினைத்திருக்கிறார். வீட்டுக் கூடத்தில் மகன் வாங்கிக் கொடுத்த இரண்டு கண்டென்சர் மைக்குகள், ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், விண்டோஸ் மடிக்கணினி, ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள். இவற்றை வைத்து மூன்று மாதம் பதிவு செய்திருக்கிறார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஏழு உருப்படிகளுக்கு மாணவியின் கணவர் மிருதங்கம் வாசித்திருக்கிறார். மொத்தம் 83 நிமிடம். அதில் ராகம், தானம், பல்லவி மட்டும் 24 நிமிடம்.

இதுவரை மூன்று சிடி பர்ன் செய்து பார்த்தாராம். முதலாவது கார் பிளேயரில் ஓடவே இல்லை. இரண்டாவது ஓடியது, ஆனால் தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் இரண்டு நொடி 'வெட்டு' விழுகிறது. மூன்றாவதில் சத்தம் மிகக் குறைவு. சினிமாப் பாட்டு சிடிக்குப் பிறகு இதைப் போட்டால் யாரோ பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். அண்ணன் மகன் விலையுயர்ந்த மாஸ்டரிங் மென்பொருள் ஒன்றின் 'கிராக்' நகலை (உரிமப் பூட்டை உடைத்த திருட்டு நகல்) பென் டிரைவில் கொடுத்திருக்கிறான். அதில் ஒரே பொத்தானை அழுத்தியதும் சத்தம் கூடியது, "ஆனால் என் வீணை கிதார் மாதிரி ஆகிவிட்டது." ஊர்க் கணினிக் கடைக்காரர் 15,000 ரூபாய்க்கு 'புரொஃபஷனல் சாஃப்ட்வேர்' வாங்கினால்தான் சரிவரும் என்கிறாராம்.

அவர் கேட்பவை: எந்த மென்பொருள் வாங்கலாம்? கிராக் நகலைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? மின்விசிறிச் சத்தத்தை மாஸ்டரிங்கில் எடுக்க முடியுமா? கார் திரையில் பாட்டின் பெயர் தமிழில் வருமா? ஒரு பாபநாசம் சிவன் கீர்த்தனையும் இருக்கிறது, இலவசமாகத்தானே கொடுக்கிறேன், அனுமதி வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

வணக்கம். நீங்கள் இணைத்திருந்த மூன்று மாதிரிகளையும் ஹெட்போனில் இரண்டு முறை கேட்டேன். தோடி ஆலாபனையில் மந்திர ஸ்தாயியில் நின்று வாசித்திருக்கிறீர்களே, அந்த இடம் மிக நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அந்தக் கிராக் மென்பொருள் அதை என்ன செய்தது என்று கேட்டபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. 15,000 ரூபாய் மென்பொருள் உங்கள் மூன்று சிடிகளில் ஒன்றைக்கூடக் காப்பாற்றியிருக்காது. மூன்றும் கெட்டது மூன்று வேறு காரணங்களால், அவற்றில் எதுவும் மென்பொருளின் விலையோடு சம்பந்தப்பட்டதில்லை.

மாஸ்டரிங் வேறு, சிடி தயாரிப்பு வேறு

கடிதம் முழுக்க இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். மாஸ்டரிங் என்பது பதிவான உருப்படிகளை வரிசைப்படுத்தி, ஒன்றுக்கொன்று ஒலி அளவு பொருந்தச் செய்து, தேவையான இடத்தில் கொஞ்சம் திருத்தி, இறுதிக் கோப்புகளை உருவாக்குவது. அது காதின் வேலை. சிடி தயாரிப்பு என்பது அந்தக் கோப்புகளை சிடியின் விதிகளுக்கு உட்பட்டு எழுதுவது. அது எழுத்தர் வேலை. விதி தெரிந்தால் போதும்.

அந்த விதிகளை 1980ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து எழுதினார்கள். சிவப்பு அட்டை போட்ட புத்தகம் என்பதால் ரெட் புக் என்று பெயர். நொடிக்கு 44,100 மாதிரிகள் (அதாவது ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், அதிகபட்சம் 99 டிராக். இன்றைக்கும் அதுதான். உங்கள் பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட். ஆகவே எங்கோ ஓர் இடத்தில் மாற்றியாக வேண்டும். அதைக் கடைசியில், ஒரே ஒரு முறை செய்யுங்கள். ஆடாசிட்டியில் புராஜெக்ட் ரேட்டை 44,100க்கு மாற்றி, 16 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்தால் போதும்.

அப்போது 'டிதர்' என்ற ஒன்றை அது தானாகவே சேர்க்கும். அணைத்துவிடாதீர்கள். 24 பிட்டை 16 ஆக்கும்போது கடைசி எட்டு பிட்டுகளை அப்படியே வெட்டி எறிந்தால், ஒலி மங்கி மறையும் இடத்தில் ஒரு மெல்லிய கரகரப்பு வரும். டிதர் என்பது அந்தக் கரகரப்பை மறைக்கப் போடும், காதில் விழாத அளவு சன்னமான இரைச்சல். டமடமவென்று முழங்கும் இசையில் இது யாருக்கும் தெரியாது. வீணையில் தெரியும். ஒரு மீட்டு மீட்டிவிட்டு, கமகத்தை இழுத்து, அது காற்றில் கரைகிற வரை காத்திருக்கிற வாத்தியம் அல்லவா.

சரி, மென்பொருள். ஆடாசிட்டியில் தொகுக்கலாம், திருத்தலாம், அளவு பார்க்கலாம். சிடி எழுத மட்டும் முடியாது. அதற்கு விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழசு, முகம் பார்க்க லட்சணமாக இருக்காது, வேலையைச் சரியாகச் செய்யும். (இலவச மென்பொருள் எதை நிறுவினாலும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள். கூடவே வேறு ஏதாவது செயலியைத் திணிக்கும் டிக் குறிகளை எடுத்துவிட்டு நிறுவுங்கள்.) ஆடாசிட்டியும் இம்ஜ்பர்னும் உங்களுக்குப் போதும். செலவு பூஜ்யம்.

இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய ஆசை என்றால் ரீப்பர். 60 நாள் எல்லா வசதிகளோடும் சோதித்துப் பார்க்கலாம். தனிப்பட்ட உபயோகத்துக்கான உரிமம் 60 டாலர், அதாவது 5,000 ரூபாய்க்குச் சற்று மேல். சிடியின் முழு நகல் கோப்பையும் (இமேஜ்), சிடி அச்சடிக்கும் தொழிற்சாலைகள் கேட்கும் டிடிபி (DDP) கோப்பையும் அதிலிருந்தே எடுக்கலாம். ஆனால் புதிதாகக் கற்க வேண்டும். உங்களுக்கு இருப்பது பத்து வாரம், அதில் மார்கழிக் கச்சேரிகளும் வருகின்றன. எனக்கென்னவோ வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டைன்பெர்கின் வேவ்லேப் போன்றவை தினமும் இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு. நான் வைத்திருக்கிறேன். நீங்கள் வைத்திருக்க அவசியமில்லை.

சத்தம் ஏன் குறைவாக இருக்கிறது

நீங்கள் அதிகம் வருத்தப்பட்டிருப்பது இதற்காகத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, பூஜ்ய டெசிபல். அதற்கு மேல் ஏற முடியாது. உங்கள் பல்லவிக் கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது வீணை இல்லை, மிருதங்கத்தின் சாப்பு. கணத்தில் வந்து போகிற அந்த அடிகள் மேலே முட்டிக்கொண்டு நிற்கின்றன. வீணை கீழே வெகு தூரத்தில் இருக்கிறது. மொத்தத்தையும் உயர்த்த இடமில்லாததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றும் கவனித்தேன். இடது காதில் முழுக்க வீணை, வலது காதில் முழுக்க மிருதங்கம். இரண்டு மைக்கையும் ஒரே ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அதை அப்படியே விடக்கூடாது. காரில் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒரு வாத்தியம்தான் கேட்கும். ஆடாசிட்டியில் அந்த ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோ டிராக்குகளாகப் பிரியுங்கள். வீணையை ஏறக்குறைய நடுவில், இடப்பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். மிருதங்கத்தை வலப்பக்கம் 20 சதவீதம் போல நகர்த்தி, இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். இதற்குப் பெயர் மாஸ்டரிங் இல்லை, மிக்சிங். மாஸ்டரிங்கில் சரிசெய்யலாம் என்று மிக்சிங்கைத் தாண்டிப் போவது எங்கள் தொழிலில் இருப்பவர்களே செய்கிற தப்பு. சாம்பாரில் புளி அதிகமானால் இலையில் பரிமாறும்போது சரிசெய்ய முடியாது, அடுப்படிக்குத்தான் போக வேண்டும்.

இதைச் செய்த பிறகு லிமிட்டர் என்ற கருவியை லேசாகப் போடலாம். உச்சியில் துருத்தும் சாப்புகளை மட்டும் இரண்டு டெசிபல், மிஞ்சினால் மூன்று டெசிபல் சீவினால் போதும். உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும். அதற்கு மேல் அழுத்தினால்தான் வீணை கிதாராகிறது. காரணம் இதுதான்: அந்த ஒரே பொத்தான் மென்பொருள் மீட்டின் முனையை நசுக்கி, அதன் பின்னால் வரும் சன்னமான பகுதியை மேலே தூக்கியது. விரல் தந்தியில் தேயும் சத்தம், வீணையின் மெட்டுக்கட்டையில் உரசும் சத்தம், சுருதிப் பெட்டி, மின்விசிறி எல்லாம் அதோடு சேர்ந்து மேலே வந்துவிட்டன. நகத்தால் மீட்டும் அந்த நறுக்கு போய்விட்டது. பிறகு அதை வீணை என்று எதை வைத்துச் சொல்வது?

சினிமாப் பாட்டோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். மனிதக் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை லஃப்ஸ் என்ற அலகில் அளக்கிறோம், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். இன்றைய பல திரைப்பாடல்கள் சராசரியாக மைனஸ் 8, மைனஸ் 10 என்று நிற்கின்றன. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010ல் வானொலி, தொலைக்காட்சிகளுக்கு வைத்த இலக்கு மைனஸ் 23. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 பக்கம் கொண்டுவந்துவிடுகிறது. அதாவது கத்துகிற பாட்டைத் தானே இறக்கிவிடும். சிடி பிளேயருக்கு அந்தப் புத்தி கிடையாது, நீங்கள் எழுதியதை அப்படியே வாசிக்கும். வீணைக்கு மைனஸ் 18லிருந்து மைனஸ் 20 வரை இருந்தால் நான் திருப்தியடைவேன். கேட்பவர் கையில் ஒரு குமிழ் இருக்கிறது, திருப்பிக்கொள்வார்.

ஓர் எச்சரிக்கை. ஆடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியாகப் போட்டுவிடாதீர்கள். ஆலாபனையும் துரித காலக் கீர்த்தனையும் ஒரே அளவுக்கு வந்துவிடும். தனியாவர்த்தனம் முடிந்து வருகிற அமைதிக்கு அர்த்தமே இருக்காது. பதினொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்து, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்களை மட்டும் கேட்டுக் கேட்டுக் கையால் ஏற்றி இறக்குங்கள். மறுநாள் காலையில் காபிக்கு முன்னால் ஒரு தடவை கேளுங்கள். இரவு சரியென்று பட்டது காலையில் சரியாக இருக்காது. 20 வருஷமாக எனக்கும் இதே கதைதான்.

மின்விசிறி

எடுக்கலாம், ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்ஷனுக்கு வாசிப்பு இல்லாத சில நொடி இரைச்சலைக் காட்டினால், அதைப் பாடமாக வைத்து மற்ற இடங்களில் குறைக்கும். 6 டெசிபல் குறைத்தால் சரி. பேராசையில் 20 குறைத்தால் வீணை தண்ணீருக்குள் வாசிக்கிற மாதிரி ஆகும். இரைச்சலும் கமகத்தின் வாலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. மென்பொருளுக்கு எது மின்விசிறி, எது காம்போதி ராகம் என்று தெரியாது.

யூட்யூபில் யாரோ "100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுங்கள்" என்று சொன்னதைச் செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். குரல் பதிவுக்கு அது ஓரளவு சரி. உங்களுக்குச் சரியில்லை. நீங்கள் 3 கட்டை சுருதியில் வாசிக்கிறீர்கள். சாரணித் தந்தியின் (வாசிக்கும் முதல் தந்தி) ஷட்ஜம் சுமார் 165 ஹெர்ட்ஸ். மந்திரத் தந்தி 82. அனுமந்திரப் பஞ்சமம் 62 பக்கம். நூறில் வெட்டினால் கீழ்த் தந்திகள் இரண்டும் எலும்பும் தோலுமாகிவிடும். குடத்தின் ஆழமும் போகும். 35 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள், லாரி போகிற அதிர்வு போய்விடும். மின்சாரத்தின் 'ம்ம்' ஓசை நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150லும் உட்கார்ந்திருக்கும். அந்தந்த இடத்தில் மிகக் குறுகலாக ஒரு நாட்ச் (அந்த ஓசையை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டால் வீணைக்கு அதிகம் வலிக்காது.

மூன்று மாதிரிகளில் இரண்டுக்கு இது போதும். மூன்றாவது, அந்த காம்போதி, தேறாது. மின்விசிறி நேராக மைக் மேலேயே காற்றடிக்கிறது. அதைத் திரும்ப வாசித்துவிடுங்கள் அம்மா. விடியற்காலை நாலரைக்கு, மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டு. முடிந்ததும் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை மறந்து, இரண்டு லிட்டர் பால் போயிற்று, ஒரு வாரம் பேச்சும் வாங்கினேன்.

கிராக் நகல்

சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்தே திருட்டு நகலைக் கணினியில் பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் சிறையில்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டப் போவதில்லை என்று அண்ணன் மகன் சொல்வான். இருக்கலாம். எனக்குப் பயம் வேறு. இப்படிப்பட்ட நகல்களோடு வருகிற வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். உங்கள் மூன்று மாத உழைப்பு அந்த ஒரே மடிக்கணினியில்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வேறு எதையும் தொடும் முன், இன்றைக்கே எல்லா மூலப் பதிவுகளையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி பீரோவில் வையுங்கள். அப்புறம் அந்த மென்பொருளை நீக்கிவிட்டு ஒரு முறை முழுதாக வைரஸ் சோதனை ஓட்டுங்கள்.

அந்த மூன்று சிடிகள்

முதல் சிடி காரில் ஓடாததற்குக் காரணம், அது ஆடியோ சிடியே இல்லை. வேவ் கோப்புகளை இழுத்துப் போட்டு டேட்டா சிடியாக எழுதியிருக்கிறீர்கள். ஆடியோ சிடியில் கோப்பு என்று எதுவும் கிடையாது, தொடர்ச்சியான ஒலியும் எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற ஓர் அட்டவணையும்தான். டேட்டா சிடியில் எம்பி3 இருந்தால் பல கார்கள் வாசிக்கும், வேவ் என்றால் பெரும்பாலும் முழிக்கும். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ வகை சிடியையும் தவிருங்கள், பழைய பிளேயர்களுக்கு அது படிக்க வராது.

இரண்டாவதன் 'வெட்டு' இன்னும் சுவாரசியமானது. எழுதும் கருவி ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக எழுதி முடித்து நிறுத்துவது டிராக் அட் ஒன்ஸ். இடையில் இரண்டு நொடி வெற்றிடம் விழும். கீர்த்தனைகளுக்கு நடுவே அது யாரையும் உறுத்தாது. தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும்போது உங்கள் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ரீங்காரம் சட்டென்று நின்று, இரண்டு நொடி கழித்து மறுபடி முளைத்தால் கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில் மொத்த சிடியையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். இம்ஜ்பர்னில் முதலில் ஒரு க்யூ கோப்பு (எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்) உருவாக்கி, டிராக் இடைவெளிகளைப் பூஜ்யமாக்குங்கள். முதல் டிராக்குக்கு முன்னால் இருக்கும் இரண்டு நொடி மட்டும் ரெட் புக் விதி, அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

அதோடு ஒரு நுணுக்கம். சிடி ஒரு நொடியை 75 பங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பங்கு 588 மாதிரிகள். டிராக்கை அந்த எல்லையில் வெட்டாவிட்டால், மீதி இடத்தை மௌனத்தால் நிரப்பும்போது ஒரு 'டிக்' கேட்கலாம். புராஜெக்ட் ரேட்டை 44,100க்கு மாற்றிய பிறகு, ஆடாசிட்டியில் நேரம் காட்டும் முறையை சிடிடிஏ ஃப்ரேம்ஸ் என்று வைத்து, ஸ்னாப்பை இயக்குங்கள். டிராக் தொடங்கும் இடங்களில் லேபிள் வையுங்கள். பிறகு லேபிள்படி எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுமதி செய்தால் எல்லாக் கோப்புகளும் ஒட்டினாற்போல் வரும். ராகம், தானம், பல்லவி தவிர மற்றவற்றுக்கு, கடைசி ஸ்வரம் அடங்கியபின் சுருதியை நான்கைந்து நொடி ஓடவிட்டு மெல்ல மறையச் செய்யுங்கள்.

மூன்றாவது சிடியைப் பற்றி மேலேயே பேசிவிட்டோம்.

நீளம் ஒன்று பாக்கி. 83 நிமிடம் ஒரு சிடியில் அடங்காது. 700 எம்பி சிடியின் அளவு 80 நிமிடம். அதையும் தாண்டி எழுத 'ஓவர்பர்ன்' என்று ஒரு குறுக்கு வழி உண்டு. விளிம்பில் எழுதப்படும் அந்தக் கடைசி நிமிடங்கள் பல பிளேயர்களில் திக்கும், மங்களம் திக்கினால் நன்றாகவா இருக்கும்? ஓர் உருப்படியைக் குறைத்துவிடுங்கள். எதை என்று எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

பாட்டின் பெயர் கார் திரையில் வருவது 1996ல் வந்த சிடி டெக்ஸ்ட் என்ற வசதியால். இம்ஜ்பர்னில் க்யூ கோப்பு செய்யும்போதே பெயர்களைச் சேர்க்கலாம். ஆனால் அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். கணினியில் போட்டால் பெயர் வரவில்லையே என்று யாராவது கேட்டால் பதறாதீர்கள். கணினிப் பிளேயர்கள் பெரும்பாலும் இணையத் தரவுத்தளத்தில் தேடித்தான் பெயரைக் காட்டும், சிடியில் எழுதியதைப் பார்ப்பதில்லை. தமிழ்ப் பெயர்களை உறையில் அழகாக அச்சிட்டுவிடுங்கள்.

150 பிரதிகள்

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். தொழிற்சாலையில் கண்ணாடி மாஸ்டர் (அச்சுக்கான மூலத் தகடு) செய்து அச்சடிப்பதற்கு 150 மிகக் குறைந்த எண்ணிக்கை. அச்சகத்தார் பொதுவாகச் சில நூறுகளில்தான் ஆரம்பிப்பார்கள். எனவே பர்ன் செய்வதுதான். 16 மடங்கு வேகத்தில் ஒரு சிடிக்கு ஆறேழு நிமிடம். 150க்கு ஏறக்குறைய 17 மணி நேரம், சோதனை தனி. மாணவிகளை முறை வைத்து உட்கார வையுங்கள். மிக மெதுவாக எழுதினால் தரம் கூடும் என்று சொல்வார்கள். இன்றைய சிடிகள் மிதமான வேகத்துக்கே செய்யப்பட்டவை, 16 சரியாக இருக்கும். முதல் பிரதியை வீட்டு பிளேயர், கார், பழைய டிவிடி பிளேயர் மூன்றிலும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் இரண்டாவதை எழுத வேண்டும்.

வெற்று சிடி வாங்குவது இப்போது கொஞ்சம் சிரமம். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஜப்பானின் தாயோ யூடென் 2015ல் இந்தத் தொழிலை விட்டது. நொய்டாவின் மோசர் பேர் 2018ல் கலைப்புக்குப் போனது. கடையில் தூசி தட்டி எடுத்துத் தருவது எத்தனை வருஷப் பழசு என்று சொல்ல முடியாது. ஒரே தொகுதியாக 170 வாங்கி, முதல் ஐந்தை எழுதிப் பார்த்து, சரியில்லை என்றால் மாற்றித் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்பக்கம் காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். பால்பாயிண்ட் பேனாவும் ஆகாது. எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திக் காப்பார்கள். உண்மையில் ஒலி எழுதப்பட்ட படலம் மேல்பக்க லேபிளுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, அங்கே விழுகிற கீறல்தான் மருந்தில்லாத கீறல். இதற்கென விற்கும் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள், அல்லது அச்சிடத்தக்க மேற்பரப்புள்ள சிடி வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட வேண்டாம் என்று உறையில் ஒரு வரி போடலாம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் சிடி பிளேயர் இருக்காது. உறையின் பின்பக்கம் ஒரு க்யூஆர் குறியும் போட்டு, இதே கோப்புகளை இணையத்தில் வைத்துவிடுங்கள்.

பாபநாசம் சிவன் கீர்த்தனை

நான் வழக்கறிஞர் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். தியாகராஜர் மறைந்தது 1847, தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. அவர்கள் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973ல். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. அதாவது 2033 முடியும் வரை. "இலவசம்தானே" என்பது விலக்கு ஆகாது. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பிரதி எடுப்பது பிரதி எடுப்பதுதான். "பாடவில்லை, வாசிக்கத்தானே செய்தேன்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மெட்டும் அவருடையது என்றால் அதற்கும் உரிமை உண்டு. பழைய பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்யச் சட்டத்தின் 31சி பிரிவில் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதில் பொதுவாக ஆண்டுக்கு 50,000 பிரதிகளுக்குக் குறையாமல் ராயல்டி கட்ட வேண்டும். 150 சிடிக்கு அது பொருந்தாது. உரிமையாளர்களைக் கண்டுபிடித்து எழுத்தில் அனுமதி கேட்கலாம், கிடைக்கவும் கூடும். பத்து வாரத்துக்குள் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு மூன்று நிமிடம் குறைக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கீர்த்தனை ஆறரை நிமிடம். நினைவு நாளில் மேடையில் வாசியுங்கள், சிடியில் வேண்டாம். குருவுக்கு மிகப் பிடித்த பாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை எழுதும்போது எனக்கே தயக்கமாகத்தான் இருக்கிறது.

மிருதங்கம் வாசித்தவருக்கும் கலைஞர் என்ற முறையில் சட்டப்படி உரிமை உண்டு. சிடியிலும் இணையத்திலும் வெளியிடச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உறையில் பெயர் போடுங்கள்.

காம்போதியைத் திரும்பப் பதிவு செய்யும் அன்று, வாசிக்கத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நீங்களும் அசையாமல், ஒரு நிமிடம் வெறும் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். சுருதிப் பெட்டி கூட வேண்டாம். அந்தக் கோப்பை எனக்கு அனுப்பிவையுங்கள். 'ம்ம்' ஓசை மின்விசிறியிலிருந்து வருகிறதா, மடிக்கணினி சார்ஜரிலிருந்து வருகிறதா என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. சார்ஜர் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினாலே போய்விடும், நாட்ச் எதுவும் வேண்டியிருக்காது.